பூதத்துக்குக் கால் இல்லை

என் புத்தகத்தைப் படமாக எடுக்க வந்தவர்களுக்கு நான் விதித்தது ஒரே ஒரு நிபந்தனைதான். கடைசி அத்தியாயத்தில் ஒரு வரியைக்கூட மாற்றக் கூடாது. அதை எங்கள் தோட்டத்தில், எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வைத்துத்தான் எடுக்க வேண்டும். மற்ற அத்தியாயங்களில் பாட்டு வைக்கட்டும், நாய்க்குட்டி சேர்க்கட்டும், நான் ஏன் என்று கேட்கமாட்டேன். அப்படித்தான் சொன்னேன். பிறகு நாய்க்குட்டி எதற்கு என்று மூன்று முறை கேட்டது வேறு கதை.

நிபந்தனைக்குத் தலையாட்டியவள் ஷஸ்னா. ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் ஹமீத் நானாவின் மகள். பத்து வயதில், கடை மேசைக்குக் கீழே சாரக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து என் புத்தகத்தை வாசித்தவள். இப்போது இருபத்தேழு வயது. கொழும்பில் நாலைந்து விளம்பரப் படங்கள் எடுத்துப் பெயர் வாங்கிவிட்டு, முதல் பெரிய படமாக இதைத்தான் எடுப்பேன் என்று பிடிவாதமாக நின்றாள்.

"அந்தக் கடைசி அத்தியாயம் எனக்கு மனப்பாடம் டீச்சர். நான் எப்படி அத மாத்துவேன்?" என்று கேட்டாள். நான் நம்பினேன். அவள் பொய் சொல்லவும் இல்லை.

புத்தகத்தின் பெயர் 'ஏழாம் நம்பர் மலை'. தோட்டத்தில் ஒவ்வொரு தேயிலை மலைக்கும் ஒரு நம்பர் உண்டு. எங்கள் தோட்டம் அக்கரப்பத்தனைப் பக்கம். அதில் ஏழாம் நம்பர் மலையை இருபது வருடங்களுக்கு மேலாகக் கைவிட்டுவிட்டார்கள். கொழுந்து பறிக்காமல், வெட்டாமல் விட்டால் தேயிலைச் செடி சும்மா இருக்காது, மரமாகிவிடும். இடுப்பளவுச் செடியை மட்டும் பார்த்துப் பழகிய வெளியூர்க்காரர்கள், அது நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரைக்கு மேலே வளரும் என்றால் நம்பமாட்டார்கள். செடியைச் செடியாகவே வைத்திருப்பது கத்திதான். சில வருடங்களுக்கு ஒருமுறை ஆண்கள் போய் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு வருவார்கள். அதற்குப் பெயர் கவ்வாத்து.

அந்தக் கைவிட்ட மலைக்குள் எனக்கு ஒரு கதை கிடைத்தது. தேயிலைச் செடிகளெல்லாம் ஒரு காலத்தில் வானத்தைத் தொட்ட மரங்கள். கவ்வாத்துப் பூதம் ஒன்று, பஸ் நீளத்துக்குக் கத்தி வைத்துக்கொண்டு, அவற்றை வெட்டி வெட்டிக் குள்ளமாக்கிவிட்டது. ஏழாம் நம்பர் மலைச் செடிகள் மட்டும் தாங்கள் மரம் என்பதை மறக்கவில்லை. செம்பா என்ற சிறுமி அந்த மலைக்குள் போய் மரப்பிள்ளைகளோடு சிநேகமாகிறாள். கடைசி அத்தியாயத்தில் பூதத்துக்கு முன்னால் தனியாக நின்று, "நில் பூதமே, இனி உன் கத்திக்கு இங்கே வேலை இல்லை" என்கிறாள். பூதம் கத்தியைப் போட்டுவிட்டு மலைக்கு அப்பால் ஓடுகிறது. மரங்கள் வளர்ந்து முகிலுக்குள் போகின்றன.

பதினேழு வருடங்களில் ஏழு தடவை அச்சான புத்தகம் அது. நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஒரு பள்ளிக்கூடமே பஸ் பிடித்து வந்து ஏழாம் நம்பர் மலை எங்கே என்று விசாரித்தது. நல்லதண்ணியில் கடை போட்டிருக்கும் ஒருவர் மகளுக்குச் செம்பா என்று பெயர் வைத்திருக்கிறார். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

செம்பாவாக நடிக்க இருநூறு பிள்ளைகளைப் பார்த்த ஷஸ்னா, கடைசியில் என் ஆறாம் வகுப்பு நிஷாந்தியிடம் வந்து நின்றாள். நிஷாந்தி மூக்கனின் கடைசி மகள். மூக்கனும் நானும் ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் படித்தவர்கள். அவன் எட்டாம் வகுப்போடு கத்தி பிடிக்கப் போனான். நான் மேலே படித்து அதே பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து அவன் என்னை 'நீங்க' என்கிறான். நான் மட்டும் 'மூக்கா' என்பதை விடவில்லை. எங்கள் டிவிசனில் அவனைப் போல் கவ்வாத்து வெட்ட ஆள் கிடையாது. அவன் வெட்டிய மலையை வேறு தோட்டத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

மகள் சினிமாவில் நடிக்கிறாள் என்றதும் மூக்கனுக்குக் கால் தரையில் இல்லை. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிற எல்லாருக்கும் போனில் அவள் படத்தைக் காட்டினான். தோட்டத்துத் தொரைக்கும் காட்டினான். ஆனால் புத்தகத்தை மட்டும் அவன் திறந்ததே இல்லை. கதையை நிஷாந்திதான் சொல்லியிருக்கிறாள். பூதம் என்று சொன்னவள், என்ன பூதம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டாள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மற்றக் காட்சிகளையெல்லாம் நுவரெலியாவிலும் ஹட்டனிலும் எடுத்து முடித்துவிட்டார்கள். மிச்சம் கடைசி அத்தியாயம். திங்கள் முதல் வியாழன் வரை நாலு நாள், ஏழாம் நம்பர் மலையில். வெள்ளிக்கிழமை ஷஸ்னாவும் கேமராக்கார சுமனும் காட்டுக்குள் போய்ப் பார்த்தார்கள். சுமன் இரண்டு காலிலும் அட்டை தொங்க வெளியே வந்து, இந்த இடத்துக்கு நான் எதுவும் செய்யத் தேவையில்லை, கேமராவை வைத்தால் போதும் என்றான். சனிக்கிழமை போயா என்று பௌர்ணமி லீவு, ஞாயிறும் லீவு. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு இரண்டு வேன், முப்பத்திரண்டு மரப்பிள்ளைகள், தலையில் இலைத் தொப்பி, எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டு வளைவில் திரும்பினோம்.

காடு இல்லை.

நான் பாதை மாறிவிட்டோம் என்றே நினைத்தேன். இருபது வருடக் காடு நின்ற இடத்தில் ஒரு மலை, தலைக்கு எண்ணெய் வைத்து வாரிவிட்ட மாதிரி, கீழிருந்து மேல்வரை சுத்தமாக வெட்டிக் கிடந்தது. ஒவ்வொரு செடியிலும் ஒரே ஒரு கொப்பு மட்டும் நெட்டையாக நின்றது. மற்றதெல்லாம் முழங்கால் உயரத்தில் அடிக்கட்டை. தண்ணீர் ஓடும் கான் எல்லாம் வாரியிருந்தது. பாதை ஓரத்தில் புல்கூடச் செதுக்கியிருந்தார்கள். மலைக்கு முன்னால் புதுச்சட்டை போட்டு, பவுடர் பூசி, மூக்கனும் இன்னும் பதினேழு பேரும் வரிசையாக நின்றார்கள்.

"என்ன மூக்கா இது?" என்றேன்.

"ரெண்டு நாளாத் தூங்கலீங்க டீச்சர்," என்றான் சிரித்துக்கொண்டே. "போயாவும் ஞாயிறும் பதினெட்டுப் பேரு எறங்கி வெட்டினோம். சும்மாதான், கூலிக்குப் பேரு போடல. மலை காடாக் கெடந்தா ஊரு ஒலகம் பாத்துட்டு என்னாங்க சொல்லும்? இந்தத் தோட்டத்து ஆளுக வேல தெரியாத ஆளுகன்னு சொல்லாது? எம் மக நிக்கிற மலைங்க."

பின்னால் நின்ற வேலாயி, கொழுந்தெடுக்கிற பெண், சந்தோஷமாக ஒத்துப் பேசினாள். "விறகும் நல்ல விறகுங்க டீச்சர். எல்லா லயத்துக்கும் பங்கு போட்டாச்சு. மழை முடியிற வரைக்கும் காணும்."

நான் லயங்களைத் திரும்பிப் பார்த்தேன். வரிசையாக எல்லாக் கூரையிலும் புகை. என் மாயக்காடு முழுவதும் அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது. மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா வேறு வந்து, இருபது வருடமாகச் செய்ய முடியாமல் கிடந்த வேலை ஒரு சதம் செலவில்லாமல் முடிந்ததில் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

எனக்குக் கோபம் வந்தால் நிறுத்தத் தெரியாது. அன்றும் தெரியவில்லை. "அறிவிருக்கா உனக்கு?" என்று ஆரம்பித்தேன். "காடு வேணும்னுதானே இத்தன பேரும் இங்க வந்தது. புத்தகத்துல பூதம் செஞ்ச வேலைய நீ செஞ்சு வச்சிருக்கியே."

"பூதமா?" என்றான் மூக்கன். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. "பூதம் என்னாங்க செய்யும்?"

மரப்பிள்ளைகளில் ஒருத்தன், டீச்சர் கேள்வி கேட்டதாக நினைத்து, "கவ்வாத்து வெட்டும்" என்று பதில் சொன்னான்.

மூக்கன் மகளைப் பார்த்தான். நிஷாந்தி தரையைப் பார்த்தாள்.

"நம்ம வேலையா பூதத்துக்கு?" என்று மெதுவாகக் கேட்டான். என்னிடம்தான் கேட்டான்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பதினேழு வருடமாக ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்தப் பூதத்துக்குப் பயந்திருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருடைய அப்பாமார் சாயங்காலம் தோளில் கவ்வாத்துக் கத்தியோடு வீட்டுக்கு வருகிறவர்கள். இதை நான் ஒரு நாள்கூட நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்துப் பார்க்காமல் எழுதியதற்குத்தான் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள்.

ஷஸ்னா அதற்குள் கொழும்புக்குப் போன் எடுத்துவிட்டாள். தயாரிப்பாளர் பதில் சொல்ல இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. கதாநாயகியை மட்டும் வேனில் ஏற்றிக்கொண்டு வா, காட்டை இங்கே கம்ப்யூட்டரில் செய்துகொள்ளலாம், மற்றப் பிள்ளைகள் வேண்டாம். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இலைத் தொப்பி போட்ட முப்பத்திரண்டு பேரும் பாதையோரம் குந்தி, அவளைப் பார்த்தார்கள். ஒரு மாதமாக மழையில் நனைந்து ஒத்திகை பார்த்த பிள்ளைகள். எங்கள் மலையும் இல்லை, எங்கள் பிள்ளைகளும் இல்லை என்றால் அப்புறம் எனக்கு எதற்கு அந்தப் படம்?

"வியாழன் வரைக்கும் டைம் கேட்டிருக்கேன் டீச்சர்," என்றாள் ஷஸ்னா. "வியாழனுக்குள்ள ஏதாவது ஒண்ணு செஞ்சு காட்டணும். இல்லாட்டிக் கொழும்புதான்."

அன்று பகல் பிளேன்டீயோடு மலையடியில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டோம். மூக்கன் எங்கள் பக்கம் வரவில்லை. தள்ளி ஒரு கல்லில், அவனும் நிஷாந்தியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவனுக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கடைசி அத்தியாயம் முடிந்ததும் எழுந்து என்னிடம் வந்தான்.

"கதை நல்லாத்தாங்க இருக்கு," என்றான். "ஆனா அந்தப் பூதத்துக்கு வேல தெரியலீங்களே."

"என்ன தெரியல?"

"கெழட்டுச் செடிங்க இது. எல்லாக் கொப்பையும் ஒரேயடியா வெட்டினா செத்துப் போயிரும். ஒண்ண விட்டு வெட்டணும். புதுத் தளிர் வர்ற வரைக்கும் செடி அந்தக் கொப்புலதான் மூச்சு விடும். தளிர் வந்த பெறகு அதையும் எடுப்போம். பாருங்க, ஒரு செடிலயாவது நான் விடாம இருக்கேனா?"

ஷஸ்னா எழுந்து நின்று மலையைப் பார்த்தாள். அதுவரை நாங்கள் எல்லாரும் இல்லாத காட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போதுதான் இருப்பதைப் பார்த்தோம். ஆயிரக்கணக்கான அடிக்கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நெட்டைக் கொப்பு, நுனியில் மட்டும் ஒரு கொத்து இலை. கேள்வி கேட்டதும் வகுப்பு முழுக்கக் கையைத் தூக்குமே, அப்படி நின்றது மலை. கீழே ஆற்றுப் பக்கமிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. சுமன் கேமராப் பெட்டியைத் திறந்தான்.

"பூதம் வெட்டிட்டுப் போன மலை," என்றாள் ஷஸ்னா. "செம்பா இங்க வந்து நிக்கிறா. மரப்பிள்ளைங்க ஆளுக்கொரு கொப்பப் பிடிச்சிட்டு நிக்கிறாங்க. பூதம் மிச்சத்தையும் வெட்ட வருது. மத்ததெல்லாம் நீங்க எழுதின மாதிரியே டீச்சர். ஒரு வரி மாறாது."

"நில் பூதமேன்னு அவ சொல்லணும். பூதம் ஓடணும்," என்றேன்.

"ஓடும் டீச்சர்."

ஆனால் ஓடுவதற்குப் பூதத்துக்குக் கால் இல்லை.

கொழும்பிலிருந்து பூதம் செய்து கொண்டுவந்த சிங்களப் பெரியவர் செவ்வாய்க்கிழமை லொறியில் வந்து இறங்கினார். பூதம் இடுப்பு வரைதான். பத்தடி உயரம், ரெஜிபோம் என்ற வெள்ளைத் தக்கையில் தலை, மூங்கிலில் கை, மூக்கு மட்டுமே ஒரு கொழுந்துக் கூடை அளவு. மரங்களுக்கு மேலே தலை நீட்டிப் பார்க்கிற பூதம்தானே, கீழே மரம் மறைத்துவிடும், கால் எதற்கு என்று அவர் செய்யவே இல்லை. இப்போது மறைக்க ஒரு மரம் கிடையாது. அவர் மொட்டை மலையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, யார் இதைச் செய்தது என்று சிங்களத்தில் கேட்டார். மூக்கன் கை தூக்கினான். நல்லாச் செஞ்சிருக்கீங்க, எங்கள் ஊரில் ரப்பர்தான், இப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை என்று அவனைப் பாராட்டினார். அதற்கப்புறம்தான் தன் பூதத்தை நினைத்துத் தலையில் கை வைத்தார்.

வழி சொன்னவன் சுமன். மூங்கில் கைகளைக் கழற்றிவிட்டுத் தலையை மட்டும் ஒரு ஆளுக்கு மாட்டுவோம் என்றான். அந்த ஆள் கேமராவுக்கு முன்னால் நாலடி தூரத்தில் நிற்க வேண்டும், முதுகைக் காட்டிக்கொண்டு. கேமரா தரையில். பிள்ளைகள் எதிர்ச் சரிவில், நூறு அடி தள்ளி. அப்போது படத்தில் ஆள் மலை உயரம் தெரிவான், பிள்ளைகள் அவன் முழங்காலுக்குக் கீழே தெரிவார்கள். நான் நம்பவில்லை. சின்ன டீவி மாதிரி ஒரு திரையில் காட்டினார்கள். வேலாயியைக் கேமராவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கண்டாக்கு ஐயாவைச் சரிவில் நிறுத்தினார்கள். வேலாயி காலைத் தூக்கினால் ஐயா செருப்புக்குக் கீழே போனார். அவள் அதை நாலைந்து தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

"பூதமா யாரு நடிக்கிறது?" என்று கேட்டாள் ஷஸ்னா.

கத்தி பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். நெட்டையான ஆள் வேண்டும். எல்லாருக்கும் யார் என்று தெரியும். நான் போய்க் கேட்பதுதான் முறை. போனேன்.

"மூக்கா, கோவமா இருக்கியா?"

"இல்லீங்க டீச்சர்."

"பொய் சொல்லாத."

"கோவம்தான்," என்றான். "நீயும் நானும் ஒரே வாங்குல இருந்தவங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல." முப்பது வருடத்துக்குப் பிறகு அவன் வாயில் அந்த 'நீ' வந்தது. அவனும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், சந்தோஷமாகவும் இருந்தது, குற்ற உணர்ச்சியாகவும் இருந்தது.

"கேட்டிருக்கணும்," என்றேன். "தப்புதான்."

"சரி விடுங்க. நான் கெடுத்தத நான்தான் சரி பண்ணணும். மண்டைய மாட்டுங்க. ஆனா ஒண்ணு. கத்தியப் புடிக்கிற மாதிரித்தான் புடிப்பேன். வாழப்பழத்தப் புடிக்கிற மாதிரிப் புடிக்கச் சொல்லக் கூடாது."

புதன்கிழமை முழுக்க மழை. வியாழக்கிழமை காலையும் மழை. பதினொரு மணிக்கு விட்டது. பனி மட்டும் மிச்சம். சுமன், இதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது, ஒரு மணிநேரம் இருக்கிறது என்றான். முப்பத்திரண்டு பிள்ளைகளும் எதிர்ச் சரிவில் ஆளுக்கொரு கொப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் நிஷாந்தி, சிவப்புப் பாவாடையில். இந்தப் பக்கம் மூக்கன், இடுப்பில் கொழுந்துப் பெண்கள் கட்டுகிற படங்கு, தலையில் ரெஜிபோம் மண்டை, கையில் ரெஜிபோம் கத்தி. மண்டைக்குள்ளிருந்து அவனுக்குக் கண் சரியாகத் தெரியாது. வரிசைக்கு நடுவே இரண்டு மூன்று அடி எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் ஷஸ்னாவுக்குப் பக்கத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். மடியில் புத்தகம், கடைசி அத்தியாயம் விரித்தபடி. ஒரு சொல் பிசகினாலும் சொல்லிவிடுவது என்ற எண்ணம்.

ஷஸ்னா சைகை காட்டினாள். பூதம் நடந்தது.

உண்மையாகவே பயமாக இருந்தது. அந்தத் திரையில் மூக்கன் இல்லை. பனிக்கு மேலே தோள், தோளுக்கு மேலே தலை, கை வீச்சில் மலை பாதி மறைந்தது. ஆனால் அந்த வீச்சு கதையில் வருகிற பூதத்தின் வீச்சு அல்ல. மணிக்கட்டைத் திருப்பி, கீழிருந்து மேலாக, ஒரு செடிக்குப் பக்கத்தில் இன்னொரு செடி, அளவாக. வேலை தெரிந்த பூதம். எதிர்ச் சரிவில் கட்டைவிரல் அளவுக்கு நிஷாந்தி ஒரு அடி முன்னால் வந்து, கையை உயர்த்தி, வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் மூக்கனின் கால் ஒரு அடிக்கட்டையில் இடறியது.

கவ்வாத்து வெட்டிய செடியின் முனைகள் சாய்வாக, கூராக நிற்கும். அதன் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண் தெரியாத பூதம் கையை வீசித் தடுமாறி ஒரு முழங்காலில் விழுந்தது.

"அப்பா," என்று கத்தினாள் நிஷாந்தி. "அப்பா, அசையாதீங்க. நான் வாறேன்."

ஓடி வந்தாள். நான் ஷஸ்னாவின் கையைப் பிடித்தேன். அவள் நிறுத்தச் சொல்லவில்லை. சுமனும் நிறுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் மூக்கனை நோக்கி எழுந்தவர்கள், அவன் நல்லபடியாக மண்ணில்தான் முழங்கால் ஊன்றியிருக்கிறான் என்று கண்டு அப்படியே நின்றுவிட்டார்கள்.

திரையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கட்டைவிரல் அளவில் இருந்த சிறுமி ஓடி வருகிறாள். ஓடி வர வர வளர்கிறாள். கொப்புகளுக்கு நடுவே புகுந்து, பூதத்தின் முழங்கால் அளவு வந்தாள், இடுப்பளவு வந்தாள். பூதம் வளரவில்லை. அது நின்ற இடத்திலேயே முழங்காலிட்டு, சத்தம் கேட்கிற பக்கம் தலையைத் திருப்பியது. அவளுக்குப் பின்னால் முப்பத்திரண்டு மரப்பிள்ளைகளும், என்ன ஏது என்று தெரியாமல், அவள் ஓடினால் நாங்களும் ஓடுவோம் என்று ஓடி வந்தார்கள். எல்லாரும் வளர்ந்துகொண்டே வந்தார்கள். கடைசியில் அவள் பூதத்துக்கு முன்னால் வந்து நின்றாள். இரண்டு பேரும் ஒரே உயரம். அவள் இரண்டு கையாலும் அந்த மண்டையைக் கழற்றினாள். உள்ளே வியர்வையோடு, பயந்துபோய், ஒரு மனுசன்.

"அடிபட்டுச்சாப்பா?"

"இல்லம்மா. கொப்பு எதுவும் ஒடஞ்சிருச்சா பாரு."

நான் அழுதுவிட்டேன். கூடவே எரிச்சலும் வந்தது. பதினேழு வருடம், ஏழு பதிப்பு, ஒரு வரி மாற்றக் கூடாது என்று சண்டை பிடித்த கடைசி அத்தியாயம் என் மடியில் கிடக்கிறது. பூதத்தைத் துரத்துவதைத் தவிர வேறு வழி எனக்குத் தோன்றவே இல்லையே. பக்கத்தில் போய்ப் பார்த்தால் போதும் என்று ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

"கட்," என்றாள் ஷஸ்னா, எல்லாம் முடிந்து வெகுநேரத்துக்குப் பிறகு. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நிபந்தனை என்னுடையது.

நிஷாந்தி முகம் வாடி நின்றாள். "வசனத்தச் சொல்லலீங்க டீச்சர். மறந்துட்டேன்."

மூக்கன் படங்கில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "என்னாலதாங்க. இன்னொரு தடவ எடுக்கலாம். நான் ஓடுறேன். மலைக்கு அந்தாண்ட வரைக்கும் ஓடச் சொன்னாலும் ஓடுறேன்."

வெளிச்சம் இன்னும் அரைமணிநேரம் இருந்தது. நான் எழுதியபடியே எடுத்து முடிக்க அது தாராளமாகப் போதும். ஷஸ்னா ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. அதற்காக அவளை நான் வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டேன்.

"நீ எங்கயும் ஓட வேணாம் மூக்கா," என்றேன். "உன் மலைய விட்டு நீ ஏன் ஓடணும்?"

பிள்ளைகள் இதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஷஸ்னா சிரிப்பதைக் கண்டு ஓவென்று கத்திக் குதித்தார்கள். வழக்கமாக நான் சத்தம் போடாதீங்க என்று அதட்டுவேன். அன்று அதட்டவில்லை.

எட்டாம் பதிப்பு இந்த மாதம் வந்தது. கடைசி அத்தியாயத்தை நான், அன்று படம் பிடித்தபடியே, புதிதாக எழுதியிருக்கிறேன். முதல் பிரதியை மூக்கனிடம்தான் கொடுத்தேன், அச்சுக்குப் போவதற்கு முன்பே, கையெழுத்துப் பிரதியாக. இரண்டு நாள் வைத்திருந்து, பென்சிலால் மூன்று இடத்தில் திருத்திக் கொடுத்தான். மூன்றையும் ஏற்றுக்கொண்டேன்.